வெயிலுக்குப் போகிற லைன்

சிவகாசி
ஆகஸ்ட் 2008, ஞாயிறு மதியம்

அன்பு மகள் ஹாதியாவுக்கு அம்மா எழுதுவது. உன் மேலும் மாப்பிள்ளை நவ்ஷாத் மேலும் உன் வயிற்றில் புரள்கிற சின்ன உயிர் மேலும் அல்லாஹ்வின் சாந்தி இறங்கட்டும். நானும் அத்தாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அத்தாவுக்குச் சர்க்கரைதான் ஏறி இறங்குகிறது, அட்டைப்பெட்டிக் கடையில் தீபாவளி சீசன் ஆர்டர் நெருக்குகிறது என்று மதியச் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்கு வருவதில்லை, தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்புகிறேன். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதே என்று சொன்னேனே கேட்கிறாயா. முந்தாநாள் அத்தா செல்லிலிருந்து கூப்பிட்டு, இனிமேல் நம் வீட்டு லேண்ட்லைனுக்கு ரிங் விடாதே ஹாதிமா, நெட் அறுந்தாலும் விடாதே என்று நான் சொன்னதும் நீ ஏம்மா ஏம்மா என்று கேட்டாய், அதற்குள் பேலன்ஸ் தீர்ந்து கட்டாகிவிட்டது. ஆறு மாதக் கர்ப்பிணி, தனியாகப் பினாங்கில் உட்கார்ந்துகொண்டு என்னென்ன நினைத்திருப்பாய் என்று எனக்கு அன்றைக்குத் தூக்கமே இல்லை. அதை முதலில் எழுதியிருக்க வேண்டும், எழுதுவதற்கே இத்தனை தாமதமாகிவிட்டது. சாயங்காலம் நெட் வரும்போது மெயில் அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் அந்தக் கம்பியைப் பற்றி அந்தக் கம்பி வழியாகவே எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால்தான் தாளை எடுத்தேன். பயப்படாமல் முழுவதும் படி.

ஆடி பிறந்ததிலிருந்து நெட் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். நான் சமையலை முடித்து லுஹர் தொழுதுவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்காருவேன், அங்கே உனக்குச் சாயங்காலம், மாப்பிள்ளை கடையில் இருப்பார், நீ கேமரா முன் வந்து வயிற்றைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டுவாய். பேசிக்கொண்டே இருக்கும்போது உன் முகம் அப்படியே நின்றுவிடும். வாய் திறந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி, நின்றுபோன முகம் பிள்ளையின் முகம் மாதிரியே இருக்காது. மோடத்தில் லைன் வந்திருப்பதைக் காட்டுகிற பச்சை லைட் அணைந்து அணைந்து எரியும், பிறகு எரியவே எரியாது. நான் பதறிப்போய் உனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று உட்கார்ந்திருப்பேன். அதற்காகத்தான் அந்த ஏற்பாட்டை நானே சொன்னேன், நெட் அறுந்தால் உடனே லேண்ட்லைனுக்கு ரெண்டு ரிங் விட்டுக் கட் பண்ணிவிடு, காசும் போகாது, நீ நல்லா இருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்துவிடும் என்று. நீயும் ஒரு நாள் தவறாமல் விட்டாய். ரெண்டு ரிங், பிறகு அமைதி. அந்த ரெண்டு ரிங் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

லைனைச் சரிசெய்ய நான் பார்க்காத பக்குவம் இல்லை. மோடத்தை அணைத்துப் போட்டேன், கடையில் சொல்லிப் புது வயர் வாங்கி மாற்றினேன், போனுக்கும் மோடத்துக்கும் நடுவில் மாட்டுகிற அந்தச் சின்ன டப்பாவைக் கழற்றிவிட்டு நேராகப் போட்டுப் பார்த்தேன். கம்ப்ளைண்ட் நம்பருக்குக் கூப்பிட்டால் மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம் என்று அதையே சொன்னார்கள். ஒரு நாள் சுவரில் இருக்கிற வெள்ளைப் பெட்டியைத் திறந்து, திருகைத் தளர்த்தி, கம்பி முனையைப் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தபோது உன் ரிங் வந்தது. விரலிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரே உலுக்கு, மறு கையிலிருந்த திருப்புளி தெறித்து சோபாவுக்கு அடியில் போய்விட்டது. அதைச் சொன்னபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய், பிஎஸ்ஸி பிசிக்ஸ் படிச்ச அம்மாவுக்கு மணி அடிக்கிறதுக்குக் கரண்ட் வரும்னு தெரியாதா என்று கேட்டாய். நானும் சேர்ந்து சிரித்தேன்.

லைன்மேன் இருளாண்டி மூன்று முறை வந்து பார்த்தார். சீசன் நேரம், எல்லாக் கம்பெனியிலிருந்தும் அவருக்குக் கம்ப்ளைண்ட், நம் வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிடும். அவர் வந்து மீட்டரை வைத்தால் லைன் தங்கமாக இருக்கும். என்னங்கம்மா, என்னையக் கண்டதும் நல்ல புள்ளையா ஆயிருதே என்று சிரிப்பார். நான் விடாமல் கவனித்து அவரிடம் ஒரு விஷயம் சொன்னேன், மேகம் போட்ட நாளில் போவதில்லை, மழை தூறிய நாளிலும் போகவில்லை, வெயில் சுள்ளென்று அடிக்கிற நாளில் மட்டும் போகிறது என்று. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, மழைக்குப் போற லைனு ஆயிரம் பாத்திருக்கேன், வெயிலுக்குப் போற லைன இன்னைக்குத்தான்ம்மா கேள்விப்படுதேன், எதுக்கும் பள்ளிவாசல்ல ஓதி ஒரு தாயத்து வாங்கி மோடத்துல கட்டுங்க என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். அத்தாவும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவர்களிடம் சொல்லாத ஒன்று இருந்தது. நெட் போன நேரத்தில் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் உள்ளே கரகரவென்று ஒரு இரைச்சல் கேட்கும், அது புதிதில்லை, எல்லா லைனிலும் கேட்பதுதான். ஆனால் வெயில் தாழத் தொடங்கியதும் அந்த இரைச்சலுக்குள்ளே டிக், டிக் என்று ஒரு சத்தம், நிதானமாக, விட்டு விட்டு, யாரோ கம்பியை விரலால் தடவிக்கொண்டே ஒவ்வொரு அடியாக நம் வீட்டை நோக்கி வருகிற மாதிரி. வந்து முடிந்ததும் பச்சை லைட் எரியும். சில நாள் யாரும் கூப்பிடாமலேயே போன் ஒரே ஒரு டிங் மட்டும் அடித்துவிட்டு நின்றுவிடும். எடுத்து ஹலோ என்பேன். யாரும் இருக்க மாட்டார்கள்.

பிறகு பூனை. நம் அடுப்படிக்கு வருமே அந்த வெள்ளைப் பூனை, ஒரு நாள் மதியம் பின்பக்கச் சுவரேறிக் குதித்து வந்தது, பார்த்தால் நாலு காலும் கருப்பு. யாரோ காலுறை மாட்டிவிட்ட மாதிரி முட்டி வரை கருப்பு. பாத்திரம் தேய்க்கிற கல் முழுக்கக் கரிய காலடி. அச்சாபீஸ் மையாக இருக்கும், இந்த ஊரில் எது எதில்தான் ஒட்டாது என்று தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். அது வந்த திசை நமக்குப் பின்னால் இருக்கிற லட்சுமிகாந்தம் வீடு. அவர்கள் விருதுநகருக்குக் குடிபோனதிலிருந்து அது பூட்டிக் கிடக்கிறது, உனக்கே தெரியும். முன்வாசலில் தொங்குகிற பூட்டு துருப்பிடித்துவிட்டது. நம் போன் கம்பி அந்த வீட்டு முற்றத்துக்கு மேலேதான் போகிறது, நம் வேப்பமரம் மறைத்துக்கொண்டு நிற்பதால் மாடியிலிருந்து பார்த்தால் கம்பி மரத்துக்குள் நுழைவதும் அந்தப் பக்கம் வெளியே வந்து போஸ்டுக்குப் போவதும்தான் தெரியும், நடுவில் என்ன என்று தெரியாது.

போன வாரம் ஒரு மதியம், நீ மாப்பிள்ளையின் கடை முதலாளியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உன் முகம் நின்றது. நான் மோடத்தைத் தொடவில்லை. நேராக மாடிக்குப் போனேன். சொட்டுக் காற்றில்லை ஹாதிமா, வேப்பமரத்தில் ஒரு இலை அசையவில்லை, காயப்போட்ட துணி அசையவில்லை, கம்பி மட்டும் ஆடியது. மெதுவாக, பாரம் தாங்குகிற கயிறு ஆடுகிற மாதிரி. குல்ஹுவல்லாஹு ஓதிக்கொண்டே இறங்கி, பின்சந்து வழியாகச் சுற்றிப் போனேன். அந்த வீட்டுக்குச் சந்துப் பக்கம் ஒரு மரக்கதவு இருப்பது எனக்கே மறந்துவிட்டது. பூட்டவில்லை, சும்மா சாத்தியிருந்தது. தள்ளினேன்.

உள்ளே நாலைந்து பெண்கள் வெயிலில் நிற்கிறார்கள். வெறுங்கால், கையில் வளையல் இல்லை, தலைமுடி தெரியாமல் துணி கட்டியிருக்கிறார்கள், முழங்கை வரை கருப்பு. அவர்கள் தலைக்கு மேலே நம் கம்பி இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது, அது நெடுகத் தலைகுளித்த கூந்தலைக் காயப்போட்ட மாதிரி கருகருவென்று தொங்குகிறது. கருந்திரி. பட்டாசுக்கு வைக்கிற திரி, நூலில் வெடியுப்பும் கந்தகமும் கரியும் பசையோடு பூசிக் காயவைப்பது. லைசென்ஸ் இல்லாமல் வீடுகளில் செய்து போலீஸ் பிடித்தார்கள் என்று பேப்பரில் வருமே, அதேதான். நம் சுவருக்கு அந்தப் பக்கம். அவர்களில் ஒருத்தியை எனக்கு அடையாளம் தெரிந்தது, நாரணாபுரம் வேலுத்தாய், அத்தா கடையில் முன்பு பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள். அவள் சத்தம் போடாமல் கையைக் காட்டி முதலில் சொன்னது என்ன தெரியுமா, செருப்பக் கழட்டிட்டு வாங்க பாயம்மா, அது நைலான் சேலையா, அப்பம் கிட்ட வராதீக, அங்கனயே நில்லுங்க என்றாள். அம்புட்டுக் கவனம். நான், ஏம்மா இதை எங்கள் போன் கம்பியிலா போடுவீர்கள் என்று கேட்டேன். அவள் பதறவே இல்லை. இரும்புக் கம்பின்னா உரசும் பாயம்மா, நைலான் கயிறுன்னா நெருப்புப் பொறி இழுக்கும், போன சீசன்ல கீழூருல அப்பிடித்தான் ஆச்சு, இது நல்ல ரப்பர் போட்ட வயரு, சும்மா தொங்கிக் கெடந்துச்சு, கொக்கி போட்டு இழுத்துக் கட்டுனோம், கரண்டு கம்பியா என்ன, பேச்சுதான போகுது என்றாள். யோசித்து யோசித்து, இருப்பதிலேயே பத்திரமானது என்று அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். முற்றத்துக்கு நடுவில் கம்பியில் பழைய ஒட்டு ஒன்று, முன்பு இருளாண்டி போட்டது. இவர்கள் இழுத்துக் கட்டியதில் சுற்றியிருந்த டேப் பிரிந்து உள்ளே இருக்கிற ரெண்டு செம்புக் கம்பியும் வெளியே தெரிந்தது, அதன் மேலேயே ரெண்டு திரி குறுக்காகக் கிடந்தது. ஈரத்தில் வெடியுப்பு உப்புத் தண்ணீர் மாதிரிதானே, ரெண்டு கம்பியையும் இணைத்துவிடும், நெட் செத்துவிடும், மணி அடிக்கிற அளவுக்கு மட்டும் லைன் மிஞ்சும். காய்ந்ததும் ஒவ்வொன்றாக எடுப்பார்கள், டிக், டிக். வெயிலுக்குப் போகிற லைனின் ரகசியம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. உடனே இன்னொன்றும் விளங்கியது. என் முழங்கையில் அன்றைக்கு விழுந்த உலுக்கு ஞாபகம் வந்தது. நெட் அறுந்துவிட்டது, நீ ரிங் விடப் போகிறாய். எடுத்துருங்க எடுத்துருங்க என்று நான் சொல்ல வாயைத் திறக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் நம் வீட்டில் போன் அடித்தது.

முதல் ரிங். அந்த ஒட்டில், கருந்திரிக்கு அடியில், ஊசி முனையளவு நீலமாக ஒன்று மின்னியதை நான் பார்த்தேன். வெயிலில் கண் கூசியதாக இருக்கலாம் என்று அத்தா சொல்கிறார். நான் பார்த்தேன். ஒருத்தி சிரித்துக்கொண்டு, ஒங்க வீட்டுப் போனுதான் பாயம்மா, ஓடிப் போயி எடுங்க என்றாள். ரெண்டாவது ரிங். மறுபடியும் அந்த நீலம். அப்புறம் அமைதி. நீ கட் பண்ணிவிட்டாய். ஒன்றும் நடக்கவில்லை. காக்கா கத்தியது. வேலுத்தாய் மற்றவர்களைப் பார்த்து, மணி அடிச்சாச்சு, கஞ்சியக் குடிப்போம் என்றாள். எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள், தெனமும் இந்நேரத்துக்கு ஒங்க வீட்டுல ரெண்டு மணி அடிச்சு நிக்கும் பாயம்மா, நாங்க கடியாரம் கட்ட மாட்டோம்ல, அந்த மணியக் கேட்டுத்தான் கஞ்சி குடிக்க உக்காருவோம், யாரு கூப்புடுதாக, மகளா என்று. எங்கே உட்காருவீர்கள் என்று கேட்டேன். அவள் காட்டினாள். கம்பிக்கு நேர் கீழே, சுவர் நிழல் விழுகிற இடம்.

அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன், போன் அடிக்கும்போது மட்டும் அந்தக் கம்பியில் கரண்ட் ஓடும், பேச்சு மட்டும் இல்லை என்று. முதலில் நம்பவில்லை, பாயம்மா வேலைக்காரவுகள வெரட்டுததுக்குக் கத சொல்லுதாக என்று ஒருத்தி முணுமுணுத்தாள். என் விரல் நுனியில் அந்த உலுக்கில் கன்றிப்போன இடம் இன்னும் கருப்பாக இருக்கிறது, அதைக் காட்டினேன். வேலுத்தாய் என் விரலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு திரும்பி, ஒவ்வொரு திரியாக, உரசாமல், குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்குகிற மாதிரி எடுக்கத் தொடங்கினாள். மற்றவர்களும் எடுத்தார்கள். கஞ்சி அப்படியே இருந்தது. கதவு வரைக்கும் வந்து, போலீசுக்குச் சொல்லிராதீக பாயம்மா, திரி வாங்குத கம்பெனிக்காரன் எங்களத்தான் காட்டிக் குடுப்பான், ஒங்க மகளுக்கு நல்லபடியாப் பெறக்கட்டும், தெனமும் அடிச்ச மணிக்கு ஒண்ணும் ஆகாமப் போச்சே, அது அந்தப் புள்ளையோட நல்ல நேரம் என்றாள். மறுநாள் போய்ப் பார்த்தேன், கொக்கிகூட இல்லை, தரையைக் கழுவிவிட்டுப் போயிருந்தார்கள். இருளாண்டி வந்து ஒட்டைப் புதிதாகப் போட்டுக் கம்பியைத் தூக்கிக் கட்டிவிட்டார். நான் உன்னிடம் லைன் சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். கர்ப்பிணிப் பெண்ணிடம் வேறு என்ன சொல்வது. நாலு நாள் ஒரு தடங்கலும் இல்லாமல் பேசினோம், நீ பிள்ளைக்குப் பின்னிய தொப்பியைக் காட்டினாய், நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன், ஆனால் லைன் நன்றாக இருக்க இருக்க அவர்கள் எங்கே காயப்போடுகிறார்களோ என்ற நினைப்பு போகவே இல்லை.

முந்தாநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. உன் முகம் நின்றது. பச்சை லைட் அணைந்தது. நான் பின்சந்துக்கு ஓடிக் கதவைத் தள்ளினேன், அந்த வீட்டு முற்றம் காலி, கம்பி அசையாமல் இருக்கிறது. திரும்பி வந்து ரிசீவரை எடுத்தேன். அதே கரகரப்பு. இங்கே இல்லை, ஆனால் இதே கம்பியில், இன்னும் தள்ளி, எங்கோ ஒரு முற்றத்தில். வேலுத்தாய்தானா, அவள் சொல்லியும் கேட்காத வேறு யாருமா, யாருக்குத் தெரியும். அப்போதுதான் நீ ரிங் விடுவதற்குள் அத்தா கடைக்கு ஓடி அவர் செல்லிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். அன்றைக்கு உன் விரல் அந்த நம்பரை அழுத்தாமல் இருந்ததற்கு நான் ரெண்டு ரக்அத் தொழுதேன். அத்தாவிடம் எல்லாம் சொன்னபோது முதலில், ஊருக்கெல்லாம் நீ காவல் நிக்கப் போறியாக்கும் என்று சத்தம் போட்டார், பிறகு பாதிச் சாப்பாட்டில் எழுந்து இருளாண்டியைத் தேடிப் போனார். நாளைக்குக் கடையைத் திறக்காமல் இருளாண்டியைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் போஸ்ட் போஸ்ட்டாக, முற்றம் முற்றமாகப் போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். இருளாண்டி, இனி தாயத்துப் பேச்சே பேச மாட்டேன்ம்மா என்று மட்டும் சொன்னார். கண்டுபிடித்தால் போலீசுக்குச் சொல்வதா, தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதா என்று அத்தாவுக்கும் எனக்கும் இன்னும் முடிவாகவில்லை. கண்டுபிடிக்கட்டும் முதலில்.

நீ ரிங் விடமாட்டாய், சரி. மற்றவர்கள் கூப்பிடுவார்களே. போனைக் கழற்றி வைத்தாலும் மணிக்கான கரண்ட் கம்பியில் வந்துகொண்டுதான் இருக்கும். அதனால் லுஹர் பாங்கு சொன்னதும் ரிசீவரை எடுத்து மேஜை மேல் வைத்துவிடுகிறேன், லைன் எங்கேஜ்டாக இருந்தால் மணி வராது. இப்போதும் பக்கத்தில்தான் கிடக்கிறது, கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கிவிட்டது, இப்போது கரகரப்பு மட்டும். இந்தக் கடிதம் முழுக்க அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதினேன். எந்த முற்றம் என்று தெரியாது, எத்தனை பேர் என்று தெரியாது, கஞ்சிக்கு எதைக் கேட்டு உட்காருகிறார்களோ தெரியாது. அவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள், நான் இங்கே இருக்கிறேன், அவர்களுக்கு அது தெரியாது.

வெயில் தாழ்கிறது. இதோ தொடங்கிவிட்டது, டிக், டிக், எடுக்கிறார்கள். எல்லாம் எடுத்து முடிகிறவரை இருந்துவிட்டு அஸர் தொழ வேண்டும். நோன்பு பிறப்பதற்குள் உனக்கு இஞ்சி மரப்பாவும் நெய்யும் அனுப்புகிறேன், டாக்டர் சொன்னால் ஒழிய நீ நோன்பு வைக்க வேண்டாம். ஈரத் தலையோடு ஏசியில் உட்காராதே. மாப்பிள்ளைக்கு எங்கள் சலாம். உன் வயிற்றுப் பிள்ளைக்கும் உனக்கும் ஒரு குறையும் வராமல் ரப்பு காப்பானாக, உன்னைக் காக்கிற அதே கை அந்த முற்றத்தின் மேலும் இருக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே. உன் மாமியார் விருதுநகரிலிருந்து மதியத்தில்தான் கூப்பிடுவார்கள், உன் அம்மா யாருடன்தான் இம்புட்டு நேரம் பேசுகிறாள், எப்போதும் எங்கேஜ்டு என்று உன்னிடம் குறைப்படுவார்கள். அம்மா யாரோடும் பேசவில்லை என்று சொல். எங்கேஜ்டு வந்தால் எல்லாரும் நல்லா இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
மெகருன்னிசா